காதுதான் முதல்: டி.ஜே. ஆகப் புறப்படும் எல்லைப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

கேரள-தமிழக எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகள் "டி.ஜே. ஆகணுங்ணா, எங்கிருந்து ஆரம்பிக்கறது?" என்று கேட்கிறார்கள். மலைமேல் மூணாறு, மறையூர், குமுளி, வண்டிப்பெரியார் பிள்ளைகள் "சொந்தமா ட்ராக் பண்ணணும்ணே, யார்கிட்ட கத்துக்கறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்கும் பெற்றோர் வேறொன்று கேட்கிறார்கள்: இது சோறு போடுமா, பிள்ளை கெட்டுப் போகுமா?

நான் கல்யாண மண்டபத்திலும் எஸ்டேட் திருவிழாவிலும் கொச்சி ஹோட்டல்களின் கன்சோலுக்குப் பின்னாலும் காலத்தைக் கழித்தவன். இந்தத் தொழிலில் நிலைத்தவர்களையும் வந்த வேகத்தில் மறைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நிலைத்தவர்களுக்கு விலை உயர்ந்த கருவியோ பெரிய சிபாரிசோ இருந்ததில்லை. அவர்களுக்குக் கேட்கத் தெரிந்திருந்தது. மேளத்தை, கூட்டத்தை, சக கலைஞரை, அக்கம்பக்கத்தை, தங்கள் உடம்பை அவர்கள் கேட்டார்கள். கீழே சொல்லும் பன்னிரண்டும் அந்த ஒன்றிலிருந்து வந்தவைதான்.

1. உங்கள் ஊர் மேளத்தின் முன் போய் நில்லுங்கள்

ஆயிரம் பேரை மணிக்கணக்கில் ஒரே தாளத்தில் கட்டி வைக்கும் கலை நம் பக்கத்தில் வெகுகாலமாக இருக்கிறது. பஞ்சாரி மேளத்துக்கு ஐந்து காலங்கள். முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம். அடுத்தடுத்த காலங்களில் அது 48, 24, 12 என்று பாதியாகிக் கடைசியில் 6-இல் வந்து நிற்கும். தொடக்கத்தில் தாளம் எங்கே விழுகிறது என்று புதியவருக்குப் பிடிபடாது. போகப் போகக் கை தானாக உயரும். கடைசிக் காலத்தில் கூட்டம் முழுவதும் ஓர் உடம்பாகி நிற்கும். செண்டைக்காரர் யாரும் எடுத்த எடுப்பில் ஆறு அட்சரத்தில் தொடங்குவதில்லை. நல்ல டி.ஜே. செட் ஒன்றின் இலக்கணம் முழுவதும் இதில் இருக்கிறது.

மீன மாதத்தில் நெம்மாறை வல்லங்கி வேலைத் திருவிழாவுக்குப் போங்கள். வெடிக்கட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். மேளக்காரர்களுக்கு எதிரே, கூட்டத்தின் முகம் தெரியும் இடத்தில் நின்று, எந்த நிமிடத்தில் எத்தனை கை உயர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் உறுமியும் தப்பும் எப்போது வேகம் பிடிக்கின்றன, எப்போது மூச்சு வாங்க விடுகின்றன என்று கவனியுங்கள். பொள்ளாச்சியை ஒட்டிய ஊர்க்காரர்களுக்கு ஜமாப் மேளம் இருக்கிறது. ஒரு திருவிழாக் காலம் இப்படி நின்று கேட்டவருக்கு எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் கிடைத்துவிடும்.

2. இந்த இசை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஹவுஸ் இசை சிகாகோவில் பிறந்தது. வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்ததைக் கேட்டு வளர்ந்த கறுப்பினத்து, லத்தீன் இளைஞர்கள் அதை வளர்த்தார்கள். டெக்னோ பிறந்த டெட்ராய்ட் ஆலைத் தொழிலாளர் நகரம். ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின நண்பர்களின் பெயரை அதோடு சேர்த்துச் சொல்வார்கள். 1981-இல் ரோலண்ட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த டிபி-303 என்ற சிறு பெட்டி பேஸ் கிட்டாருக்கு மாற்றாகச் செய்யப்பட்டது. அந்த வேலைக்கு அது எடுபடவில்லை. பழைய பொருளாகச் சல்லிசாக வந்த அதே பெட்டியைத் திருகி, 1987-இல் ஃப்யூச்சர் குழு 'ஆசிட் டிராக்ஸ்' வெளியிட்டது. கையில் காசில்லாதவர்கள் கிடைத்ததை வைத்துச் செய்த இசை இது.

நம் நாட்டுக் கதையும் உண்டு. மும்பையில் இந்திப் படங்களுக்கு வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-இல் அதே டிபி-303-ஐயும் டிஆர்-808 தாளப் பெட்டியையும் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஒரு தட்டு வெளியிட்டார். அப்போது யாரும் கவனிக்கவில்லை. 2010-இல் அது மறுபதிப்பாக வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. தமிழில் இளையராஜா 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்குக் கணினி இசையைக் கையாண்டார்.

பெண் பிள்ளைகள் இன்னும் இரண்டு பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 1963-இல் பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொடருக்கான முகப்பிசையை நாடாவை வெட்டி ஒட்டி உருவாக்கியவர் டெலியா டெர்பிஷயர். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமைந்த மின்னணு இசைக் கூடத்தில் இயங்கியவர் கீதா சாராபாய். இந்த வேலை ஆண்களுக்கானது என்று யாராவது சொன்னால் அவருக்கு இந்த வரலாறு தெரியவில்லை என்று பொருள்.

3. டி.ஜே. வேறு, புரொடியூசர் வேறு என்று முதலிலேயே பிரித்தறியுங்கள்

டி.ஜே. மற்றவர் செய்த பாடல்களைத் தேர்ந்து, கோத்து, எதிரே நிற்கும் கூட்டத்துக்குக் கொடுப்பவர். புரொடியூசர் அறைக்குள் உட்கார்ந்து புதிய ட்ராக்கை உருவாக்குபவர். முதல் வேலைக்கு மனிதர்களைப் படிக்கும் கண் வேண்டும். இரண்டாவதற்குத் தனிமையில் ஒரே நான்கு மாத்திரையை நூறு முறை கேட்டுச் சரிசெய்யும் பொறுமை வேண்டும். ஒருவரே இரண்டும் செய்யலாம். ஆனால் இரண்டையும் ஒரே மாதத்தில் கற்க முயல்பவர் இரண்டிலும் அரைகுறையாகவே நிற்பார்.

வருமானக் கணக்கும் வேறு. நம் பக்கத்தில் மாதாமாதம் வீட்டுக்குப் பணம் கொண்டுவருவது கல்யாணம், கல்லூரி விழா, ரிசார்ட் நிகழ்ச்சி ஆகியவைதான். கிளப்பில் வருவது பெரும்பாலும் பெயர். சொந்த ட்ராக் காசாக மாறப் பல வருடம் ஆகும். ஆனால் உங்களை ஊர் எல்லைக்கு அப்பால் அழைத்துப் போகக்கூடியது அது ஒன்றே. கல்யாணத்தில் வாசிப்பதைத் தாழ்வாக நினைக்காதீர்கள். ஒரே இரவில் நான்கு தலைமுறையை ஆட வைக்கும் வேலை அது.

4. கடன் வாங்கிக் கருவி வாங்காதீர்கள்

ஏலக்காய்க் காசையும் அம்மாவின் நகையையும் கன்சோலாக மாற்றிய குடும்பங்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தொடக்கத்துக்கு வேண்டியவை ஓரளவு நல்ல லேப்டாப், காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன், இரண்டு சேனல் உள்ள சிறிய கன்ட்ரோலர், அவ்வளவே. பழையது கிடைத்தால் இன்னும் நல்லது. ட்ராக் செய்ய எஃப்.எல். ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ் போன்றவை இருக்கின்றன. காசே இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் எல்.எம்.எம்.எஸ். போதும். ஒரு மென்பொருளைத் தேர்ந்தால் குறைந்தது ஒரு வருடம் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

சின்க் பொத்தானை முதல் ஆறு மாதம் தொடாதீர்கள். இரண்டு பாடல்களின் வேகத்தைக் காதால் ஒன்றாக்கிப் பழகுங்கள். பெரும்பாலான நடன இசை 32 அடிகள் கொண்ட துண்டுகளாகக் கட்டப்பட்டிருக்கும். நிமிடத்துக்கு 128 அடி ஓடும் ஹவுஸ் பாட்டில் 32 அடி என்பது சரியாக 15 விநாடி. அந்த 15 விநாடி உங்கள் உடம்பில் ஊறிவிட்டால், திரையைப் பார்க்காமலே அடுத்த பாட்டை எங்கே இறக்குவது என்று தெரியும். லேப்டாப் மேடையில் நின்றுபோகும் நாளும் வரும். அன்று காப்பாற்றுவது இந்தப் பழக்கம்தான்.

பாடல்களை இரண்டு பென் டிரைவில், ஒரே மாதிரி, ஃபேட்32 வடிவத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பல ஹோட்டல்களில் இருக்கும் பழைய பிளேயர்கள் வேறு பல வடிவங்களைப் படிக்காது.

5. உங்களுக்குக் கொடுத்த மணி நேரத்தை மட்டும் வாசியுங்கள்

புதியவருக்கு முதலில் கிடைப்பது கதவு திறக்கும் நேரம். ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள், நண்பர்களைத் தேடுவார்கள், பேசுவார்கள். அப்போது அவர்கள் பேசுவதற்கு இடம் விட்டு, 115 முதல் 120 வேகத்தில், கால் மட்டும் அசையும்படி வாசிக்க வேண்டும். பத்து பேர் நிற்கும் தளத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிப் பாட்டைப் போட்டுவிட்டால் அடுத்து வருபவருக்கு ஏறுவதற்குப் படி இருக்காது. அடுத்தவருக்குத் தளத்தைச் சூடாக்கிக் கொடுக்கத் தெரிந்த பிள்ளையை மேலாளர் மறுபடி கூப்பிடுவார். பெரிய கலைஞர்களும் அவரைக் கேட்டு வாங்குவார்கள்.

எல்லைக் கூட்டத்தை வாசிப்பது தனிக்கலை. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் கல்யாணத்தில் பெண் வீடு தமிழ், மாப்பிள்ளை வீடு மலையாளம் என்று இருக்கும். ஒரு பக்கத்துக்கு மட்டும் வாசித்தால் மறுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்துவிடும். குத்துப் பாட்டிலிருந்து மலையாளப் பாட்டுக்குப் போகும்போது மொழியை மாற்றுங்கள், தாளத்தை மாற்றாதீர்கள். உறுமி அடியின் மேலேயே செண்டையை ஏற்றினால் கூட்டம் பிரியாது. முன் வரிசைப் பையன்களைப் பார்த்து மட்டும் வாசிக்காதீர்கள். ஓரத்தில் நிற்கும் பெண்களும் குழந்தைகளும் உள்ளே வருகிறார்களா, ஒதுங்குகிறார்களா என்பதுதான் தளத்தின் உண்மையான மதிப்பெண். அவர்கள் தயங்காமல் ஆடும் இடத்தில் எல்லாரும் ஆடுவார்கள்.

6. ட்ராக் செய்யும்போது மண்ணின் ஒலியை மதித்துக் கையாளுங்கள்

இணையத்தில் கிடைக்கும் ஒலித்தொகுப்புகள் உலகம் முழுவதும் ஒன்றே. அவற்றை மட்டும் வைத்துச் செய்த ட்ராக்கில் உங்கள் முகம் இருக்காது. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது ஏறி இறங்கும் அந்த ஆழ்ந்த முனகல், எந்த சிந்தசைசரின் பேஸுக்கும் இணையானது. ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான எம்.ஐ.ஏ. 2006-இல் வெளியிட்ட 'பேர்ட் ஃப்ளூ' பாடலை அந்த உறுமிதான் தூக்கி நிறுத்தியது. நியூக்ளியா 2015-இல் தன் 'பேஸ் ராணி' தொகுப்பை மும்பை விநாயகர் ஊர்வலத்தில் வெளியிட்டார். தெருவின் ஒலியைத் தெருவிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

சில வேலை நுணுக்கங்கள். தப்பைத் தீயில் காய்ச்சிய உடனே பதிவுசெய்யுங்கள். தோல் தளர்ந்த பிறகு அந்தக் கூர்மை வராது. மேளக்காரர்கள் உற்சாகத்தில் வேகம் கூட்டுவார்கள். முழு அடியையும் கட்டத்துக்குள் இழுத்து நேராக்கினால் உயிர் போய்விடும். ஒவ்வொரு நான்கு அடியின் தலையை மட்டும் கட்டத்தில் வைத்து, உள்ளே உள்ள ஏற்ற இறக்கத்தை விட்டுவிடுங்கள். உறுமியும் கிக்கும் ஒரே தாழ்ந்த அலைவரிசைக்குச் சண்டை போடும். கிக் விழும் நொடியில் மற்றது தாழும்படி சைட்செயின் கொடுங்கள். தாழ்ந்த பேஸை மோனோவில் வையுங்கள். முடித்த ட்ராக்கை ஹெட்ஃபோனில், போனில், ஆட்டோ ஸ்பீக்கரில், ஒரு மண்டபத்து மைக் செட்டில் கேளுங்கள். நான்கிலும் நிற்பதே முடிந்த ட்ராக்.

ஹார்ட் டிஸ்க்கில் ஐம்பது அரை ட்ராக் இருப்பதைவிட, குறையோடாவது முடித்த ஐந்து மேல். முடிப்பது தனித்திறமை, முடித்து முடித்துத்தான் வரும்.

7. அடுத்தவர் உழைப்புக்குப் பெயரும் பணமும் கொடுங்கள், உங்களுடையதைக் கேட்டு வாங்குங்கள்

அட்டப்பாடி இருளர் சமூகத்தைச் சேர்ந்த நஞ்சியம்மா, ஆடு மாடு மேய்த்தபடி பாடிவந்தவர். 2020-இல் வந்த 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் தம் மொழியில் பாடினார். 2022-இல் அறிவித்த தேசிய விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருது அவருக்குக் கிடைத்தது. அந்தப் படம் அவர் குரலோடு அவர் பெயரையும் நாட்டுக்குக் கொண்டுபோனது. மலையிலோ தோட்டத் தொழிலாளர் லயத்திலோ ஒரு பாட்டியின் தாலாட்டைப் போனில் பிடித்து, கீழே 'பாரம்பரியப் பாடல்' என்று போட்டு வெளியிடாதீர்கள். கேட்டுப் பதிவுசெய்யுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். அன்றைக்கே சம்பளம் கொடுங்கள். பெயரைப் பாடல் விவரத்தில் எழுதுங்கள். வருமானத்தில் பங்கு என்றால் விகிதத்தைத் தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள்.

2021-இல் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாடலின் பின்னால் தோட்டத்தில் உழைத்த ஒரு தலைமுறையின் நினைவு இருக்கிறது. உலகம் கொண்டாடிய அந்தப் பாடலைச் சுற்றியும், யாருக்கு எவ்வளவு பெயர், எவ்வளவு பணம் என்ற வேதனையான கேள்விகள் பொதுவெளியில் எழுந்தன. பாட்டு வெற்றி பெற்ற பிறகு பேசும் பேச்சு கசக்கும். ஆகவே பதிவுக்கு முன்பே பேசிவிடுங்கள்.

சட்டமும் தெரிய வேண்டும். இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் 1969-இல் தொடங்கிய, ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு இருக்கிறது. முதல் ட்ராக் வெளியாகும்போதே உறுப்பினராகிப் பதிவுசெய்யுங்கள். 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் இவர்களின் ராயல்டி உரிமையை வலுப்படுத்தியது. கல்யாணத்திலும் அதைச் சேர்ந்த கொண்டாட்டங்களிலும் பாட்டு ஒலிக்க அச்சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. ஹோட்டல் விருந்துக்கும் டிக்கெட் நிகழ்ச்சிக்கும் அந்த விலக்கு இல்லை. அங்கே உரிமம் எடுத்தாயிற்றா என்று நடத்துபவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

8. காதைக் காப்பாற்றுங்கள்

உள்காதின் நுண்ணிய மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசைக்கூடங்களுக்கு வகுத்த வரம்பும் சராசரி 100 டெசிபல்தான். பெரிய ஸ்பீக்கருக்கு எதிரே அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். நீங்கள் அங்கே ஐந்து மணி நேரம் நிற்கப் போகிறீர்கள்.

இசைக்கலைஞர்களுக்கென்று செய்த காதடைப்பான் வாங்குங்கள். அது ஒலியின் தரத்தைக் கெடுக்காமல் அளவை மட்டும் குறைக்கும். மிக்ஸ் செய்யாத நேரத்தில் மானிட்டரைத் தாழ்த்துங்கள். ஹெட்ஃபோனை ஒரு காதில் வைத்து ஒலியை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு காதில் 'ங்ஙீ' என்று ரீங்காரம் கேட்டால் அது எச்சரிக்கை. இரண்டு நாள் அமைதி கொடுங்கள். அடிக்கடி வந்தால் காது மருத்துவரைப் பாருங்கள். முப்பது வயதில் உயர்ந்த ஸ்வரங்கள் கேட்காமல் போன ஒருவர் மிக்ஸ் செய்யும் ட்ராக், கேட்பவர் காதைக் குத்தும். அவருக்கு மட்டும் அது தெரியாது.

9. பத்து மணியை, மின்சாரத்தை, காட்டை மதியுங்கள்

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்கு மாநில அரசு நள்ளிரவுவரை தளர்வு தரலாம். அதுவும் வருடத்தில் 15 நாளுக்குமேல் இல்லை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. எல்லையிலுள்ள கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கம் வாங்கிய போலீஸ் அனுமதி அந்தப் பக்கம் செல்லாது. எந்த மாநிலத்தில் மேடையோ அந்த மாநிலத்தில் அனுமதி வேண்டும். லயத்தில் மறுநாள் காலை கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் தூங்குகிறார்கள் என்பதைச் சட்டம் சொல்லாமலே நினைவில் வையுங்கள்.

இடுக்கியில் மழைக்கும் மேடைக்கும் ஓயாத உறவு. ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடித்திருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத இணைப்பில் கன்சோலை மாட்டாதீர்கள். மைக்கைத் தொடும்போது சுருக்கென்றால் நிகழ்ச்சியை நிறுத்துங்கள். யார் முகம் சுளித்தாலும் சரி.

பெரியாறு, இரவிகுளம், சின்னாறு, பறம்பிக்குளம் காடுகள் எல்லாம் நம் அக்கம்பக்கம். யானைகள் மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. நம் சப்வூஃபர் எழுப்பும் தாழ்ந்த ஒலிதான் மலையில் வெகுதூரம் போவது. காட்டோரத்தில் திறந்தவெளி நிகழ்ச்சிக்கு அழைத்தால் மறுத்துவிடுங்கள்.

10. பருவம் பார்த்துக் காசைக் கையாளுங்கள்

நம் எல்லைக்கு இரண்டு பஞ்சாங்கம். தை முதல் சித்திரை வரை கல்யாணமும் திருவிழாவும் கல்லூரி விழாக்களும் சேர்ந்து வரும். கோடை விடுமுறையில் மூணாறு, தேக்கடி ரிசார்ட்டுகள் நிறையும். தமிழர் ஆடியும் மலையாளிகள் கர்க்கடகமும் ஏறக்குறைய ஒரே நேரம். கல்யாணம் இருக்காது, மழை கொட்டும், மேடை இருக்காது. ஓணத்தோடு வேலை திரும்பும். மார்கழியில் தமிழர் கல்யாணம் இல்லையென்றாலும் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் ஹோட்டல் வேலை தரும். ஆகவே கோடையில் வந்த காசில் மழைக்காலத்துக்கு எடுத்து வைக்க வேண்டும். மழைக்காலம் ட்ராக் செய்வதற்கு நல்ல காலம். வருடத்தின் நல்ல ட்ராக்குகளை அப்போது முடித்துவிடுங்கள்.

பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் தேதியைக் கொடுக்காதீர்கள். எத்தனை மணி நேரம், கருவி யாருடையது, கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு, மழையில் ரத்தானால் என்ன, போக்குவரத்தும் தங்குமிடமும் யார் பொறுப்பு என்பதை வாட்ஸப்பிலாவது எழுதி 'சரி' என்ற பதில் வாங்குங்கள். பெண் டி.ஜே.க்கள் பூட்டக்கூடிய தனி அறையையும் வீடு வரை வண்டியையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அது உங்கள் உரிமை, யாரும் செய்யும் தயவு அல்ல. வரவு செலவை நோட்டில் எழுதுங்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும் என்பதால் கணக்குப் பழக்கம் இப்போதே வரட்டும்.

11. போதையின் பக்கம் போகாதீர்கள், உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்

பெற்றோர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 டிசம்பரில் இடுக்கியின் வாகமணில் ஒரு ரிசார்ட்டில் நடந்த இரவு விருந்தில் போலீஸ் புகுந்து போதைப் பொருட்களைப் பிடித்தது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வைத்திருந்தவரை மட்டும் பிடிப்பதில்லை. தெரிந்தே இடம் கொடுத்தவரும் சிக்குவார். யார் நடத்துகிறார்கள் என்று தெரியாத, இடத்தைக் கடைசி நேரத்தில் சொல்லும் நிகழ்ச்சிக்கு எவ்வளவு கொடுத்தாலும் போகாதீர்கள். மேடைக்கு வரும் இலவசக் கோப்பையை வணக்கத்தோடு திருப்பி அனுப்புங்கள். போதையில் உள்ளவர் காது ஒலியின் அளவைச் சரியாகச் சொல்லாது.

ஸ்வீடனைச் சேர்ந்த ஆவிச்சி இருபதுகளின் தொடக்கத்திலேயே உலகின் உச்சியில் இருந்தார். 2013-இல் அவருடைய 'வேக் மி அப்' ஒலிக்காத ஊர் இல்லை. ஓயாத பயணமும் மேடையும் உடலையும் மனத்தையும் தின்றன. 2016-இல் மேடைகளை விட்டு விலகினார். 2018 ஏப்ரல் 20 அன்று, நம் ஊர்க்காரர்கள் ஏராளமாக வேலை செய்யும் மஸ்கட்டில், 28 வயதில் இறந்துபோனார். அவரைச் சுற்றிக் கோடிக்கணக்கில் பணமும் ஆட்களும் இருந்தும் இந்தத் தொழில் அவரைத் தின்றுவிட்டது. எனவே தூக்கத்தைத் தள்ளிப் போடாதீர்கள். மனம் பாரமானால் வெட்கப்படாமல் வீட்டில் சொல்லுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். நிகழ்ச்சி முடிந்த களைப்பில் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இரவோடு இரவாக வண்டி ஓட்டாதீர்கள். விடியும்வரை படுத்திருந்து புறப்படுங்கள்.

12. ஊரைத் தாண்டுங்கள், ஊரை விடாதீர்கள்

1958 தேவிகுளம் இடைத்தேர்தலில், மலைத்தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களிடையே பாடிப் பாடிப் பிரசாரம் செய்தவர் பாவலர் வரதராஜன். அவர் குழுவில் ஊர் ஊராகப் போய்ப் பழகியவர் தம்பி இளையராஜா. மலைக்குக் கீழே பண்ணைப்புரம் அவர்கள் ஊர். எம்.எஸ். விஸ்வநாதன் பாலக்காட்டு எலப்புள்ளியில் பிறந்தவர். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் ஊரையே பெயரில் சுமந்தார். இந்த எல்லையிலிருந்து புறப்பட்டவர்கள் தமிழ் இசையை மாற்றியிருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் பெரிய நகரத்துக்குப் போகும் முன்பே கூட்டத்துக்கு முன்னால் தேர்ந்தவர்கள்.

அதனால் ஊரில் வாசியுங்கள். பாலக்காட்டுச் செம்பை நினைவு இசைக் கல்லூரியில் படிக்க வாய்ப்பிருந்தால் படியுங்கள். ராகமும் தாளமும் தெரிந்த புரொடியூசர் வேறு உயரத்தில் நிற்பார். ஒலிப்பொறியியல் கற்றால் டி.ஜே. வேலை இல்லாத நாளிலும் கை சும்மா இருக்காது. கோவையும் கொச்சியும் சில மணி நேரத் தூரம்தான். சனிக்கிழமை போய் நல்ல டி.ஜே. ஒருவருக்குப் பின்னால் நின்று கம்பி சுற்றிக் கொடுத்தாலும் கற்கலாம். பெங்களூரும் சென்னையும் அதற்குப் பிறகு. நீங்கள் போய்ச் சேர்ந்தபின், பின்னால் வரும் லயத்துப் பிள்ளை ஒருவனுக்கு, ஒருத்திக்கு, உங்கள் பழைய கன்ட்ரோலரைக் கொடுத்துவிடுங்கள்.

பன்னிரண்டையும் ஒரே நாளில் சுமக்க வேண்டாம். இந்த வாரம் மூன்று வேலை மட்டும் செய்யுங்கள். பக்கத்தில் நடக்கும் ஒரு மேளத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை போனை எடுக்காமல் கேளுங்கள். காதடைப்பான் வாங்குங்கள். அரைமணி நேர செட் ஒன்றைச் சின்க் தொடாமல் பதிவுசெய்யுங்கள். அதைக் கொண்டுவந்து கொடுக்கும் பிள்ளை யாராக இருந்தாலும், கடைசி அடிவரை உட்கார்ந்து கேட்பேன், எது நன்றாயிருந்தது, எதைத் திருத்த வேண்டும் என்று சொல்வேன். மூத்தவர்கள் எனக்குச் செய்தது அதுதான்.